சங்கிலியின் மறுமுனை

கட்டிப்போட்ட மாடு கயிறு இழுக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி நிற்கும். நங்கூரமிட்ட படகு காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பி நிற்கும். இரண்டையும் எவரும் கற்றுக்கொடுப்பதில்லை. முற்பகல் பதினொரு மணிக்குக் காற்று கிழக்கிலிருந்துதான் வீசிக்கொண்டிருந்தது. பாய்மரத்தின் உச்சியிலிருந்த சிறு கொடி மேற்கு நோக்கிப் படபடத்துக்கொண்டிருந்தது. படகின் மூக்கு மட்டும் தெற்கே திரும்பி, அந்தச் சின்னத் தீவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

தட்டுக் கழுவிக்கொண்டிருந்த தம்பி கையைத் துடைத்துக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தான். முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்தான். நங்கூரச் சங்கிலி நீருக்குள் தளர்ந்து தொங்காமல், தீவை நோக்கி விறைப்பாக நீண்டிருந்தது. தொட்டுப் பார்த்தான். இழுத்துக் கட்டிய தந்தி போல் அது விரலுக்கடியில் மெல்ல அதிர்ந்தது. நீரோட்டம் ஏதாவது இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கடலைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், நீந்தவும் தெரியாது.

அவனுக்குத் தெரிந்தது இரும்பு. ரயில் பணிமனையில் சக்கரம் தட்டிப் பார்ப்பது அவன் தொழில். சிறு சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டுவான். நல்ல சக்கரம் மணி போல் பாடும், விரிசல் கண்ட சக்கரம் உடைந்த சட்டி போல் இருமும். பதினேழு ஆண்டுகளில் அவன் காது ஒருமுறையும் பொய் சொன்னதில்லை. விடுமுறைக்குப் புறப்படும்போதும் அந்தச் சுத்தியலை மறக்காமல் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டு வந்ததைப் பார்த்து அத்தான், "ஏம்பா சுத்தியல், கடல்ல எந்த ரயிலுக்கு சக்கரம் பாக்கப் போற?" என்று கேட்டார். அன்றிலிருந்து படகில் அவன் பெயர் சுத்தியல்தான்.

படகில் இருந்தது மூன்று பேர். சரக்குக் கப்பல்களில் இருபது ஆண்டு மாலுமியாக இருந்துவிட்டு, ஒரு வாரத்துக்கு இந்தப் பாய்ப்படகை வாடகைக்கு எடுத்திருந்த அத்தான், பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் அக்காள், பிறகு அவன். தாய் இறந்தபோது அவனுக்கு வயது ஆறு, அக்காளுக்குப் பதினாறு. அவளே தலைவாரிவிட்டாள், அவளே அடித்தாள், அவளே பள்ளிக்கூட வாசலில் காத்து நின்றாள். உலகத்தில் அவனுக்கென்று இருந்த ஒரே ஆள் அவள். அவள் நீரில் இறங்கும்போதெல்லாம் அவன் வயிற்றில் ஒரு முடிச்சு விழும். ஏறி வந்த பிறகுதான் அவிழும்.

அந்த முடிச்சுக்காகவே அவன் ஒரு வழக்கத்தை உண்டாக்கியிருந்தான். நங்கூரம் போட்டதும் அக்காள் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு கீழே முங்கி, அது மணலில் சரியாக ஊன்றியிருக்கிறதா என்று பார்த்துவருவாள். மணிக்கட்டில் ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் ஓர் இரும்பு ஸ்பேனர். அந்த ஸ்பேனரால் சங்கிலியைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் நங்கூரம் ஊன்றிவிட்டது. இரண்டு என்றால் சங்கிலியைத் தளர்த்து. மூன்று என்றால் மேலே இழு. தட்டும் ஓசை சங்கிலி வழியே ஏறிவந்து, படகின் மூக்குக்குள் சங்கிலி குவிந்துகிடக்கும் சிறு அறையில் தெளிவாகக் கேட்கும். முன்தளத்தில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. காலால் ஒன்றை அழுத்தினால் வின்ச் என்ற சுருட்டும் பொறி சங்கிலியை விடும், மற்றதை அழுத்தினால் இழுக்கும்.

அன்று காலையில் ஏழு மீட்டர் ஆழத்தில், தூய வெண்மணலில் நங்கூரம் போட்டார்கள். முப்பத்தைந்து மீட்டர் சங்கிலி விட்டார்கள். அக்காள் முங்கிப் பார்த்து ஒருமுறை தட்டினாள். பிறகு அவளும் அத்தானும் தீவின் ஓரத்துப் பவளப்பாறைகளைப் பார்க்க நீந்திப் போனார்கள்.

இப்போது அவன் விரலுக்கடியில் சங்கிலி பேசியது.

டக். டக்.

இரண்டு. தளர்த்து.

யோசிக்க ஒன்றுமில்லை. பதினேழு ஆண்டுப் பழக்கம், தட்டினால் காது கேட்கும், காது கேட்டால் கை செய்யும். பொத்தானை மிதித்தான். ஐந்து மீட்டர் கடகடவென்று இறங்கியது. படகின் மூக்கு மெல்ல விடுபட்டு, காற்றின் பக்கம் திரும்பத் தொடங்கியது. அக்காளின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

டக். டக்.

இன்னும் ஐந்து மீட்டர் விட்டான்.

டக். டக்.

மூன்றாம் முறை மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் ஓசையில் ஏதோ குறைவதாகத் தோன்றியது. ஸ்பேனர் சங்கிலியில் பட்டால் 'ணங்' என்று ஒரு வால் நீளும். இதில் வால் இல்லை. கல்லின் ஓசையும் அன்று, கல் கரகரக்கும். இது மழுங்கிய, ஈரமான, மிகப் பழக்கமான ஓர் ஓசை. எவர்சில்வர் டம்ளரில் அவசரமாகத் தண்ணீர் குடிக்கும்போது விளிம்பு இடிக்குமே, அந்த ஓசை.

பல்.

அவன் தலைநிமிர்ந்தான். இருநூறு மீட்டருக்கு அப்பால், தீவின் கரையோரம், பளபளக்கும் நீர்ப்பரப்பின்மேல் இரண்டு மூச்சுக்குழாய்கள் அருகருகே அசைந்துகொண்டிருந்தன. மஞ்சள் அக்காளுடையது. சிவப்பு அத்தானுடையது.

கால் பொத்தானிலிருந்து தானாக விலகியது. சங்கிலி நின்றது. வெயில் சுள்ளென்று அடித்தது. தளத்தின் பலகை சூடேறி வார்னிஷ் வாசனை வந்தது. எங்கும் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு, நிதானமாக, கீழிருந்து:

டக்.

ஒன்று. ஊன்றிவிட்டது.

* * *

"நண்டா இருக்கும்," என்றார் அத்தான், தலையைத் துவட்டிக்கொண்டே.

"நண்டுக்கு நம்ம கணக்கு எப்படித் தெரியும் அத்தான்? ரெண்டு, ரெண்டு, ரெண்டு. நான் விட்டதும் ஒண்ணு."

"அப்ப படிச்ச நண்டு. உங்க அக்கா ஸ்கூல்ல சேத்துரலாம்."

"சும்மா இருங்க," என்றாள் அக்காள். அவள் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவன் காது தப்பாக் கேக்காது. நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

"வேணாம்கா."

"டேய், ஏழு மீட்டர்தான். உன்னைக் குளிப்பாட்டினதே இதைவிடப் பெரிய வேலை."

மேலே மிதந்தபடி பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். ஏணியைப் பிடித்தவள் உடனே ஏறவில்லை. நங்கூரம் காலையில் போட்ட இடத்தில் இல்லை. சங்கிலி வெண்மணலின் மேல் நேராகத் தெற்கே போகிறது; மணல்திட்டு முடிந்து கடல் கரும்நீலமாக இறங்கும் விளிம்பைத் தாண்டி, கீழே போய்விடுகிறது. அதற்கப்புறம் தெரியவில்லை என்றாள்.

"இழுபட்டிருக்கும்," என்றார் அத்தான்.

"இழுபட்டா மணல்ல கோடு விழணும்ல? ஒரு கீறல் இல்லங்க. தூக்கிட்டுப் போய் வெச்ச மாதிரி இருக்கு."

அத்தானின் வாயிலிருந்து நகைச்சுவை ஒன்று வரப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டது. அவர் வானத்தைப் பார்த்தார். அந்த இடத்துக்குள் வர ஒரே வழி, பவளப்பாறைகளுக்கு நடுவே ஒரு குறுகலான வாய். வெயில் தலைக்குமேல் இருக்கும்வரைதான் பாறைகள் நீருக்கடியில் பழுப்பாகத் தெரியும். மூன்று மணி ஆகிவிட்டால் கடல் கண்ணாடி போல் கூசும், வழி தெரியாது, மறுநாள்வரை அங்கேயே கிடக்க வேண்டும்.

"கிளம்பிரலாம்," என்றார்.

தம்பி இழுக்கும் பொத்தானை மிதித்தான். பதினைந்து மீட்டர் வந்தது. அதாவது, அவன் ஏமாந்து கொடுத்த பதினைந்து மீட்டர் வந்தது. அதற்குமேல் ஓர் அங்குலம் வரவில்லை. வின்ச் முனகியது. படகின் மூக்கு நீரை நோக்கிக் குனிந்தது. அத்தான் எஞ்சினைப் போட்டு முன்னும் பின்னும் உலுக்கிப் பார்த்தார். சங்கிலியின் உள்முனை படகோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. துரு அதை ஒரே கட்டியாக்கியிருந்தது. அறுக்க வாளும் இல்லை. மணி ஒன்றரை.

"பாறை விளிம்புல மாட்டியிருக்கு," என்றாள் அக்காள், ஆவி படியாமலிருக்க முகக்கண்ணாடியில் துப்பித் தேய்த்துக்கொண்டே. "ரெண்டு கண்ணியை நகத்திவிட்டாப் போதும். இவருக்கு எஞ்சின் பக்கம் வேலை இருக்கு. உனக்கு நீச்சல் தெரியாது. வேற யாரு இறங்குறது?"

அது உண்மை. வேறு யாரும் இல்லை என்பதுதான் அவனை வாட்டியது. நீந்தக் கற்றுக்கொள்ளடா என்று அவள் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் படகின் மூக்குக்குக் கீழே, சங்கிலியை ஒரு கையால் பிடித்தபடி மிதந்தாள். அவன் தளத்தில் குப்புறப் படுத்துத் தலையை வெளியே நீட்டினான்.

"அக்கா, மூணு தட்டாத. அதுக்கு மூணு தெரிஞ்சிருக்கும்."

"எதுக்கு?"

"எதுக்கோ. நாலு தட்டு. நாலு கேட்டாத்தான் இழுப்பேன்."

"என்னது? காதுல தண்ணிடா."

"நாலு!" என்றான். அவள் முகத்தில் இன்னும் கேள்வி இருந்தது. சொல்லிப் புரியாததைத் தட்டிக் காட்டுவது அவன் தொழில். பையிலிருந்து சுத்தியலை எடுத்தான்.

ணங். ணங். ணங். ணங்.

சங்கிலி மணி போல் பாடியது. அக்காள் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். குழாயை வாயில் கவ்வினாள், மூச்சை இழுத்தாள், தலைகீழாகக் கவிழ்ந்தாள். துடுப்புச் செருப்புகள் இரண்டும் ஒரு கணம் வானத்தைக் காட்டிவிட்டு மறைந்தன.

சுத்தியல் இன்னும் அவன் கையில் இருந்தது. நான்கின் ஓசை சங்கிலி வழியே கீழே போய்க்கொண்டிருந்தது. ஏழு மீட்டர். மணல். விளிம்பு. விளிம்புக்கு அப்பால்.

நான்கு என்பதை அவன் அக்காளுக்கு மட்டுமா சொன்னான், கீழே இருப்பதற்கும் சேர்த்தே சொல்லிவிட்டான்.

"அக்கா!" என்று கத்தினான். நீரைப் பார்த்துக் கத்துவது சுவரைப் பார்த்துக் கத்துவதுதான். "அத்தான், அவளைக் கூப்பிடுங்க! நான் தப்புப் பண்ணிட்டேன்!"

"என்ன?" என்று பின்னாலிருந்து அத்தான் குரல் கொடுத்தார். எஞ்சின் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

வேடன் வருவான், வலை விரிப்பான், மாட்டிக்கொள்ளாதீர்கள் என்று கிளிகளுக்குப் பாடம் சொல்லிவைத்தாராம் ஒரு முனிவர். கிளிகள் வலைக்குள் உட்கார்ந்துகொண்டே அந்தப் பாடத்தை ஒப்பித்தனவாம். அக்காள் அவனுக்குச் சோறூட்டும்போது சொன்ன கதை. கிளிக்குச் சொல் தெரியும், பொருள் தெரியாது என்று முடிப்பாள். கீழே இருப்பது சங்கிலியைக் கேட்டு வாங்கியது. போதும் என்று சொன்னது. அதற்குப் பொருள் தெரியும். வலைக்குள் உட்கார்ந்து ஒப்பித்துக்கொண்டிருந்தவன் அவன்தான்.

நீர் அசையாமல் கிடந்தது. முப்பது எண்ணினான். நாற்பது. அக்காளால் ஒரு நிமிடம் மூச்சடக்க முடியும். ஐம்பது. மஞ்சள் குழாய் எங்கும் இல்லை. ஐம்பத்தைந்து.

சங்கிலி அதிர்ந்தது.

ணங். ணங். ணங். ணங்.

அவன் காது அந்த ஓசையை அப்படியே பிடித்துக்கொண்டது. வால் நீண்டது. மணி பாடியது. பல் அன்று. இரும்பில் இரும்பு. அக்காளின் ஸ்பேனர்தான், ஆயிரம் ஸ்பேனர்களுக்கு நடுவிலும் அவன் அதை அறிவான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பொத்தானை மிதித்தான்.

சங்கிலி வந்தது. திணறாமல், இழுக்காமல், எடையே இல்லாததுபோல் வந்தது.

"தம்பி!"

குரல் கீழிருந்து வரவில்லை. பின்பக்கத்து ஏணியிலிருந்து வந்தது. அக்காள் ஏணியில் தொங்கிக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. அத்தான் அவளை இரு கைகளாலும் தூக்கிப் போட்டார்.

"நான் தட்டலடா," என்றாள். "தட்டவே இல்ல. பாதிலயே ஸ்பேனர் போயிருச்சு."

"விழுந்துருச்சா?"

அவள் தன் மணிக்கட்டைக் காட்டினாள். முடிச்சு இருந்தது, முடிச்சிலிருந்து நான்கு விரல் நீளத்துக்குக் கயிறு இருந்தது. அதன் நுனி மென்று துப்பியதுபோல் பிசிறியிருந்தது.

"பிடுங்கல," என்றாள். "கையிலேர்ந்து வாங்கிக்கிட்ட மாதிரி இருந்துச்சு."

அவன் கால் இன்னும் பொத்தானை மிதித்துக்கொண்டிருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. அவன் கண்கள் அக்காளின் மேலேயே இருந்தன. இருக்கிறாள், மூச்சு விடுகிறாள், பேசுகிறாள். காது மட்டும் தன் வேலையை விடாமல் செய்துகொண்டிருந்தது. கண்ணிகள் உள்ளறையில் விழும் கடகட ஓசை. கடகட. கடகட. பிறகு, ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளத்துக்கு, ஓசையே இல்லை. சங்கிலி ஓடுகிறது, ஆனால் மெத்தையின்மேல் விழுவதுபோல் விழுகிறது. அப்புறம் மறுபடியும் கடகட.

நங்கூரம் நீரைவிட்டு வெளியே வந்தது. காலையில் அது துருப்பிடித்த பழுப்பு இரும்பு. இப்போது, விளக்கி வைத்த பாத்திரம் போல் பளபளத்தது.

"போலாம்!" என்று கத்தினான். "போலாம், போலாம், போலாம்!"

* * *

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பாறைகளின் வாயைத் தாண்டினார்கள். திறந்த கடலின் முதல் அலை படகைத் தூக்கியபோது அத்தான் இரைந்து சிரித்தார். "சுத்தியல், அடுத்த லீவுக்கு மலைக்குப் போலாம். அங்க நங்கூரமே வேணாம்." அக்காளும் சிரித்தாள். சூடாக ஒரு டம்ளர் பால் குடித்தாள். டம்ளர் அவள் பல்லில் இடித்தபோது தம்பி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்சம் படுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் அவன் தலைமயிரைக் கலைத்துவிட்டு, அவள் தன் படுக்கையறைக்கு இறங்கிப் போனாள்.

மாலை வெயில் மஞ்சளாகச் சாய்ந்தது. தூரத்தில் துறைமுகத்து விளக்குகள் ஒன்றிரண்டு தெரிந்தன. வயிற்று முடிச்சு அவிழும் என்று அவன் காத்திருந்தான். அது அவிழவில்லை. அந்த இரண்டு மீட்டர் நீளம் அவன் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஓசை இல்லாத அந்த நீளம்.

"அத்தான், மூக்குல அந்தச் சங்கிலி ரூம் இருக்குல்ல?"

"ஆமா. ஏன்?"

"அதுக்கு வழி?"

"சின்னக் கதவு ஒண்ணு இருக்கும். உங்க அக்கா தலைமாட்டுல." அத்தான் கொட்டாவி விட்டார். "சிக்கு விழுந்தா உள்ள கைவிட்டு எடுக்கறதுக்கு."

அப்போது கேட்டது.

ணங். ணங்.

இரண்டு. தளர்த்து.

"சங்கிலி குலுங்குது," என்றார் அத்தான், சுக்கானைப் பிடித்தபடி.

அவன் எழுந்தான். படிகளில் இறங்கினான். ஆறு படிகள். சமையல் மேடை. கழுவிக் கவிழ்த்த தட்டுகள் அலைக்கேற்ப நகர்ந்து நகர்ந்து உரசின. கீழே சேற்றின் வாசனை. வெயிலே படாத இடத்துச் சேறு. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கடியிலிருந்து நீர் மெல்லிய கோடாக வழிந்துகொண்டிருந்தது.

"அக்கா?"

கதவில் காதை வைத்தான்.

கையில் சுத்தியல் இருந்தது. எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை. கதவைத் தட்டப் போனான். தட்டவில்லை. இனி எதையும் தட்டமாட்டான். மெல்லத் தள்ளினான்.

அலையில் படகு இடமும் வலமும் சாய்ந்தது. கொக்கியில் தொங்கிய துண்டு ஆடியது. மேலே தொங்கிய விளக்கு ஆடியது. நிழல்கள் ஆடின.

அக்காள் ஆடவில்லை.

ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. ஒரு கை தலைமாட்டை நோக்கி விறைப்பாக நீண்டிருந்தது. மணிக்கட்டில் அறுந்துபோன கயிறு இப்போது முழுதாக இருந்தது. பிசிறிய நுனியோடு வேறொரு கயிறு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. வெளிர்நிறம், ஈரம், கயிறுதானா என்று தெரியவில்லை. முடிச்சு மட்டும் அக்காள் போடும் அதே முடிச்சு. அது தலைமாட்டுக் கதவின் நான்கு விரல் இடுக்குக்குள், இருட்டுக்குள் போயிருந்தது.

இழுத்துக் கட்டிய தந்தி போல்.

படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவள் முகம் திரும்பவில்லை. கயிறு இழுக்கும் பக்கமே பார்த்திருந்தது.

உள்ளேயிருந்து, நிதானமாக, இரும்பில் இரும்பு பட்டது. வால் நீண்டது. மணி போல் பாடியது.

ஒரே ஒரு தட்டு.